இல்லாத அத்தை

அத்தியாயம் பதினொன்று

போன வாரம் பாப்பாவின் கல்யாண உடுப்புக்கு ஒரு பொத்தான் குறைகிறது என்று தவித்துக்கொண்டிருந்த இடத்தில் விட்டோம். பொத்தான் கிடைத்துவிட்டது. அப்பாவின் பழைய ரயில்வே கோட்டிலிருந்து பிடுங்கித் தைத்தாகிவிட்டது. அதற்காக அப்பா காலையிலிருந்து முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறார். அவர் கிடக்கட்டும், சாயங்காலத்துக்குள் சமாதானமாகிவிடுவார்.

கல்யாணம் இன்று நாலு மணிக்கு. பதிவு அலுவலகத்தில் ஆளுக்கொரு கையெழுத்து, அவ்வளவுதான். கையெழுத்துப் போட்ட கையோடு பாப்பாவும் மாப்பிள்ளை வாத்தியாரும் ரயிலேறுகிறார்கள். வடக்கே ஏதோ ஒரு ஊரில் அவருக்குப் பள்ளிக்கூட வேலை கிடைத்திருக்கிறதாம். பழைய ஆட்சி கவிழ்ந்ததிலிருந்து ஊர் விட்டு ஊர் போக அனுமதிச் சீட்டு வாங்குவது குதிரைக் கொம்பு. புருஷன் பெண்டாட்டி என்றால் மட்டும் கொடுக்கிறார்கள். அதனால்தான் இவ்வளவு அவசரம்.

ரொட்டிக்கடை அக்காவை உங்களுக்குத் தெரியும். அம்மா போன பிறகு தம்பியையும் தங்கை பாப்பாவையும் வளர்த்து ஆளாக்கியவள். கடைக்கும் அடுப்புக்கும் நடுவில் தன் கல்யாணத்தை எங்கே வைத்தோம் என்றே மறந்துபோனவள். தம்பியைப் பழைய ஆட்சிக்காரர்கள் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். சிறைகளைத் திறந்துவிட்ட அன்று ஊரே ஓடிப்போய் அவரவர் ஆளைத் தேடியது. அக்காவும் போய் நின்றாள். கடைசி ஆள் வெளியே வந்து, காவல்காரனும் தொப்பியைக் கழற்றிப் போட்டுவிட்டுப் போகிறவரை நின்றாள். தம்பி வரவில்லை. இனி அவள் வளர்த்ததில் மிச்சம் பாப்பா ஒருத்திதான்.

காலையில் கடை வாசலில் வரிசை தெருமுனை வரை நின்றது. அரசாங்க மாவில் பாதி கோதுமை, மீதி என்னவென்று கேட்கக்கூடாது. வாத்தியார் வழக்கம்போல ஏப்ரனைக் கட்டிக்கொண்டு ரொட்டி எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். மாடி அறைக்குக் குடிவந்த நாளிலிருந்து இப்படித்தான், சொல்லாமலே வேலையை இழுத்துப் போட்டுக்கொள்வார். எந்தப் பள்ளிக்கூடம், எந்தப் பாடம் என்று அவரை யாரும் குடைந்து கேட்டதில்லை. கலவரத்தில் ஊரே எரிந்துபோனவரிடம் என்னத்தைக் கேட்பது?

“புது மாப்பிள்ளைக்கு இன்னைக்குமா வேலை?” என்று வரிசையில் நின்ற ஒரு பெண்மணி சீண்டினாள்.

“நாளையில இருந்து யார் வரப்போறா? இன்னைக்கே எல்லாத்தையும் முடிச்சுட்டுப் போறேன்” என்று சிரித்தார் வாத்தியார். பிறகு அக்காவிடம் திரும்பி, “அக்கா, ஒரு ரொட்டி மட்டும் தனியா எடுத்து வைக்கட்டுமா? ஓரத்தை வெட்டிட்டு, மெத்துனு” என்றார்.

“யாருக்கு?”

“சின்னத்தைக்குத்தான். பல் செட்டு சரியா உட்காரலைன்னு கஷ்டப்படுவாங்களே. கல்யாணத்துக்குத்தான் கூப்பிடல. போற வழியில ஒரு எட்டுப் பார்த்துட்டு, அந்த ஒத்தைக்கண்ணுப் பூனையையும் விசாரிச்சுட்டுப் போகலாமேன்னு பார்த்தேன்.”

அக்கா அடுப்பிலிருந்து தட்டை இழுத்துக்கொண்டிருந்தாள். கைத்துணி நழுவி, சூட்டுத் தட்டு மணிக்கட்டில் பதிந்தது.

“வைங்க” என்றாள். “நல்லதாப் பார்த்து வைங்க.”

ஏனென்றால் சின்னத்தை என்று ஒருத்தி கிடையாது. இருந்ததும் கிடையாது. அப்பா ஒற்றைப் பிள்ளை. அவருக்கு அக்காவும் இல்லை, தங்கையும் இல்லை.

சின்னத்தை, தம்பி செய்த பொம்மை. அச்சகத்தில் வேலை பார்த்துக்கொண்டே ஆட்சிக்கு எதிராகத் துண்டுப் பிரசுரம் அடித்தவன் அவன். பிறகு தலைமறைவானான். வீட்டுப் போனை எவனோ ஒட்டுக்கேட்கிறான் என்று எல்லோருக்கும் தெரியும். அதனால் அவனைப் பற்றிப் பேச வேண்டியதையெல்லாம் அத்தை பெயரில் பேசினார்கள். அத்தைக்கு உடம்பு தேவலை என்றால் அவன் பத்திரமாக இருக்கிறான். அத்தைக்குக் காய்ச்சல் என்றால் யாரும் அந்தப் பக்கம் போகாதே. அத்தைக்கு மருந்து தீர்ந்துவிட்டது என்றால் சாப்பாடு கொண்டுபோ.

கேட்கிறவன் நம்ப வேண்டாமா? அதனால் அத்தைக்குப் பொய்ப்பல் வந்தது. பூனை வந்தது. கஞ்சத்தனம் வந்தது. அப்பாகூட ஒரு நாள் போனைப் பிடுங்கி, “அவ சோப்பை நூலால அறுத்து உபயோகிக்கிறவடா, அவகிட்டப் போய்க் கடன் கேக்கறியே!” என்று கத்தினார். போனை வைத்துவிட்டு எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அந்த வீட்டில் அப்படிச் சிரித்து எவ்வளவோ காலமாகிறது.

போனுக்கு வெளியே அந்த அத்தை ஒரு நாளும் வாழவில்லை. அவளுக்குப் பல் செட்டு உட்காரவில்லை என்று தெரிந்தவன், அந்தப் போனைக் கேட்டவன்தான்.

ஆனாலும் அக்காவின் மனசு லேசில் ஒப்புக்கொள்ளுமா? பாப்பா சொல்லியிருக்கலாம். கட்டிக்கொள்ளப் போகிறவரிடம் பழைய கதையைச் சிரிக்கச் சிரிக்கச் சொல்லியிருக்கலாம். பாதிதான் அவர் காதில் விழுந்திருக்கும். கடவுளே, அப்படியே இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டே அவள் மாடிப்படி ஏறினாள்.

பாப்பா கல்யாண உடுப்பைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். ஏற்கெனவே தேய்த்துவிட்ட கையையே மறுபடி தேய்த்தாள்.

“துணி கிழியப் போகுதுடி.”

“ஒரு சுருக்கம் போக மாட்டேங்குதுக்கா.”

“பாப்பா, வாத்தியார்கிட்ட நீ சின்னத்தையைப் பத்திச் சொன்னியா?”

இஸ்திரிப் பெட்டி நின்றுவிட்டது. “அந்தப் பேரை எதுக்குக்கா எடுக்கற? அண்ணனைப் பிடிச்சதுல இருந்து அந்தப் பேச்சை நான் வாயால சொன்னதே இல்ல. அவர்கிட்டயும் இல்ல, யார்கிட்டயும் இல்ல.”

“சும்மாதான் கேட்டேன்.” அக்கா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். “சந்தோஷமா இருக்கியா?”

“இருக்கேனே.”

“அவரை உனக்குப் பிடிச்சிருக்குதானே?”

“என்னைப் பத்தி அவருக்கு எல்லாம் தெரியும்க்கா” என்றாள் பாப்பா. “எதையும் புதுசா சொல்ல வேண்டியதில்ல.”

ஆமாம், தெரியும். பாப்பாவுக்கு ரொட்டியில் கருகின ஓரம்தான் பிடிக்கும் என்று வந்த முதல் வாரமே அவருக்குத் தெரிந்திருந்தது. இடி இடித்தால் அவள் கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொள்வாள் என்று தெரிந்திருந்தது. விட்டகுறை தொட்டகுறை என்று அப்பா பூரித்துப்போனார். அக்காவும்தான் பூரித்தாள். இப்போது ஒவ்வொன்றாக நினைக்க நினைக்க உடம்பு கூசியது.

அந்தக் காலத்தில் ஒட்டுக்கேட்டவர்களுக்கு ஊர் வைத்திருக்கும் பெயர் ‘காது’. ஆட்சி கவிழ்ந்த அன்றே காதுகளெல்லாம் பெயரை மாற்றிக்கொண்டு மாயமாகிவிட்டன. போன மாதம் பக்கத்துத் தெருவில் ஒரு காது அகப்பட்டான். அவனைச் சதுக்கம் வரை இழுத்துக்கொண்டு போனார்கள். திரும்பி வரும்போது அவர்களோடு அவன் இல்லை.

அக்கா செருப்பை மாட்டிக்கொண்டு நேரே தெருக் குழுவுக்குப் போனாள்.

தெருக் குழுவின் தலைவர் யார் தெரியுமா? நம் குழாய்க்காரர்தான். நேற்று வரை வீட்டுக்கு வீடு அடைப்பு எடுத்தவர், இன்று ஊர் அடைப்பை எடுக்கிறார். மூடிக் கிடந்த சினிமாக் கொட்டகையின் டிக்கெட் அறையில் துப்பாக்கியை மேஜைமேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கம்பிக்குப் பின்னாலிருந்து அவர் பேசும்போது டிக்கெட் கொடுப்பது போலவே இருந்தது. சிரிப்பதற்குத்தான் யாருக்கும் தைரியம் இல்லை.

“என்னக்கா, கல்யாண வீட்டை விட்டுட்டு இங்க?”

“மாப்பிள்ளையைக் கொஞ்சம் விசாரிக்கணும்.”

“இப்பவா?”

“ரயிலேறிட்டா அப்புறம் எங்க விசாரிக்கறது? என் வாயால இப்ப எதுவும் சொல்ல மாட்டேன். நீங்க வாங்க. வந்து, யாருன்னு கேளுங்க.”

குழாய்க்காரர் அவளை உற்றுப் பார்த்தார். “சாப்பிட்டுட்டு ஆளுங்களோட வரேன். அக்கா, ஒண்ணு சொல்லிடறேன். ஒட்டுக்கேட்டவனா இருந்தாலும் சரி, போன் பண்ணிக் காட்டிக்கொடுத்தவனா இருந்தாலும் சரி, எங்களுக்கு ஒரே கணக்குத்தான். ஆம்பளை பொம்பளை, சொந்தம் பந்தம்னு பார்க்க மாட்டோம். நாங்க வந்த பிறகு பாவம்னு அழுது பிரயோஜனமில்ல.”

“அழ மாட்டேன்” என்றாள் அக்கா.

அழுவதாவது! திரும்பி வரும்போது அவள் கால் தரையில் பாவவில்லை. நல்ல வேளை, நாலு மணிக்கு முன்னால் தெரிந்தது. நல்ல வேளை, என் பெண்ணைக் காப்பாற்றிவிட்டேன். ஆனால் ஒன்று பாக்கி இருந்தது. அவனைக் கொண்டுபோய்விட்டால் தம்பி என்ன ஆனான் என்று சொல்ல ஆள் இல்லாமல் போய்விடும். அதை மட்டும் முதலில் பிடுங்கிவிட வேண்டும். அங்கேதான் அக்கா தப்புச் செய்தாள். பேசாமல் வாசலில் உட்கார்ந்திருக்கலாம்.

கடையின் பின்பக்கம் மாவு மூட்டை அறை. வாத்தியார் ஏப்ரனை மடித்து வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டிருந்தார். அக்கா உள்ளே வந்து கதவைச் சாத்தினாள்.

“சின்னத்தை வீடு எங்க இருக்குன்னு தெரியுமா?”

“அதுதான் தெரியல. வீட்டை மட்டும் யாரும் போன்ல...” என்று ஆரம்பித்தவர் நிறுத்திவிட்டார்.

வெளியே சைக்கிள் மணி அடித்துக்கொண்டு யாரோ போனார்கள்.

“சொல்லு” என்றாள் அக்கா. அதுவரை அவள் அவரை நீ என்று சொன்னதில்லை. “போன்ல யாரும் சொல்லல. அதுதானே? சொல்ல முடியாது. அப்படி ஒரு அத்தை இருந்தாத்தானே சொல்லுவோம்!”

அவன் முகத்தில் ஈயாடவில்லை. பிடிபட்டுவிட்டோமே என்ற பயம்தான் முதலில் வரும் என்று அக்கா எதிர்பார்த்தாள். வந்தது வேறு.

“சின்னத்தை... இல்லையா?”

“இல்ல.”

“அந்தப் பூனை?”

“பூனையும் இல்ல, யானையும் இல்ல. என் தம்பிதான் அத்தை. எங்கடா அவன்?”

அவன் மாவு மூட்டைமேல் தொப்பென்று உட்கார்ந்தான். “பூனைக்குக் கண்ணுல புண்ணுன்னு நீங்க பேசின வாரம் எனக்குச் சோறு இறங்கல. நிஜம்க்கா. எனக்குன்னு யாரும் கிடையாது. இந்த வீட்டு லைனை எனக்குக் கொடுத்தாங்க. அப்பா, அத்தை, நீங்க... எல்லாரும் எனக்கும் சொந்தம் மாதிரி ஆயிட்டீங்க. என் வேலை முடிஞ்சாலும் அடுத்த ஆளை உட்கார விடமாட்டேன். பாப்பா போனை எடுத்தவுடனே பேச மாட்டாங்க, கவனிச்சிருக்கீங்களா? ஒரு மூச்சு இழுத்துட்டுத்தான் அலோன்னு சொல்லுவாங்க. அந்த ஒரு மூச்சுக்காகத்தான் நான் உசிரோட இருந்தேன்.”

“சீ!” என்றாள் அக்கா. “இதுக்குப் பேரு பாசமா? கதவிடுக்குல கண்ணை வெச்சுப் பார்க்கறவனுக்கும் உனக்கும் என்னடா வித்தியாசம்?”

“திட்டுங்க. ஆனா உங்க தம்பியை நான் காட்டிக்கொடுக்கல. யோசிச்சுப் பாருங்க. அத்தை நிஜம்னு இன்னைக்குக் காலையில வரைக்கும் நம்பினவன் நான். அவரை எப்படிப் பிடிச்சுக் கொடுத்திருக்க முடியும்?”

அவன் சொல்வது பொய்யாக இருக்க முடியாது. பொய் சொல்கிறவன் அத்தைக்கு ரொட்டி எடுத்து வைக்க மாட்டான்.

“அப்போ யாரு?”

அவன் அவளை நிமிர்ந்து பார்த்தான். இவ்வளவு நாள் சாப்பாட்டு மேஜையில் எதிரே உட்கார்ந்திருந்த சாதுவான கண்கள்தான். இப்போது அவற்றைப் பார்க்க அவளுக்குப் பயமாக இருந்தது.

“கேட்காதீங்கக்கா.”

“யாருன்னு சொல்லு.”

“மில்லுக்குப் பின்னாடி, பச்சைக் கதவு போட்ட வீடு. சரிதானே?”

அக்காவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்தப் பச்சைக் கதவு இரண்டே பேருக்குத்தான் தெரியும். ஒரு நாள் அவள் ரொட்டி கொண்டுபோவாள். மறுநாள் பாப்பா மருந்துக்கடை வேலை முடிந்து அப்படியே போவாள். அப்பாவுக்குக்கூடச் சொல்லவில்லை.

“அவரைப் பிடிச்ச அன்னைக்குச் சாயங்காலம் எங்க ஆபீசுக்கு ஒரு போன் வந்துச்சு. இந்த வீட்டு லைன்ல இருந்துதான். நான்தான் கேட்டுக்கிட்டிருந்தேன். முதல்ல ஒண்ணும் பேசல. ஒரு மூச்சு.”

“வேணாம்” என்றாள் அக்கா.

“‘வெளியில இருந்தா சுட்டுடுவாங்க. உள்ள வெச்சாலாவது உசிரோட இருப்பான். அவனை அடிக்க மாட்டேன்னு சொல்லுங்க’ன்னு அழுதாங்க. அப்புறம்தான் பச்சைக் கதவைச் சொன்னாங்க.”

அந்த வாரம் தெருவில் கிடந்த பிணங்கள் அக்காவின் நினைவுக்கு வந்தன. ராத்திரி ராத்திரியாக விழித்துக்கொண்டு, “அக்கா, ஜெயில்ல இருக்கறவங்களை ஒண்ணும் செய்ய மாட்டாங்க இல்ல?” என்று பாப்பா கேட்டதும் நினைவுக்கு வந்தது. என் பாப்பா! அண்ணன்மேல் உயிரையே வைத்திருந்த பெண். அந்த உயிர்தான் அவனைக் கொண்டுபோய்க் கொடுத்ததா?

“பேசினது யாருன்னு தெரியலைன்னு நான் மேல சொல்லிட்டேன்” என்றான் அவன், தணிந்த குரலில். “இன்னைக்கு வரைக்கும் ஒரு ஈ காக்காய்க்குத் தெரியாது. அவங்களுக்காக நான் எதையும் மறைப்பேன்க்கா. ஆனா என்னை அவங்ககிட்ட இருந்து பிரிச்சா, அப்புறம் யாருக்காக மறைக்கணும்?”

கடை வாசலில் பூட்ஸ் சத்தம் கேட்டது. பல பேர். குழாய்க்காரர் சாப்பிட்டு முடித்துவிட்டார்.

அக்காவும் அவள் பின்னாலேயே வாத்தியாரும் கதவைத் திறந்துகொண்டு கடைக்குள் வந்தபோது துப்பாக்கியோடு நாலைந்து பேர் நின்றிருந்தார்கள். சத்தம் கேட்டு அப்பா நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார். பாப்பா கல்யாண உடுப்போடு மாடிப்படியில் பாதி இறங்கி நின்றுவிட்டாள். நெஞ்சருகில் ரயில்வே பொத்தான் பளபளத்தது.

“வந்துட்டோம்க்கா” என்றார் குழாய்க்காரர். வாத்தியாரைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். “சொல்லு, நீ யாரு?”

வாத்தியார் அக்காவைப் பார்த்தார்.

“அவரை எதுக்குக் கேக்கறீங்க? என்னைக் கேளுங்க” என்றாள் அக்கா. குரல் அவளுடையது போலவே இல்லை. “எங்க வீட்டு மாப்பிள்ளை. அம்மா வழியில தூரத்துச் சொந்தம். சின்னப் பிள்ளையில இருந்தே எனக்குத் தெரியும்.”

“பின்ன எதுக்கு எங்களைக் கூப்பிட்டீங்க?”

“வேறொருத்தி இருக்கான்னு ஒரு வம்புப் பேச்சு காதுல விழுந்துச்சு. பயந்துட்டேன். தாயில்லாப் பொண்ணு பாருங்க. இப்ப உட்கார்ந்து விசாரிச்சேன், எல்லாம் பொய். உங்களைத்தான் வீணா அலைய வெச்சுட்டேன்.”

அப்பா வாயைத் திறந்தார். அம்மா வழிச் சொந்தம் எல்லோரையும் அவருக்குத் தெரியும். அக்கா பார்த்த பார்வையில் மூடிக்கொண்டார்.

குழாய்க்காரருக்கு எரிச்சல். “இதென்ன விளையாட்டா? சரி, நீங்க சொல்றதால விடறேன். இந்த ஆளுக்கு நீங்கதான் ஜவாப்தாரி. நாளைக்கு ஏதாவது வெளியில வந்துச்சுன்னா உங்க தலைதான் முதல்ல உருளும். தெரியுமில்ல?”

“தெரியும்.”

வந்தவர்கள் ஆளுக்கொரு ரொட்டியை எடுத்துக்கொண்டு போனார்கள். இனி அவன்மேல் யார் விரல் நீட்டினாலும் அது அக்காமேலும்தான். அது அவளுக்குப் புரியாமல் இல்லை. இருந்தாலும் பாப்பாவை அவனோடு ரயிலேற்ற முடியாது. அவன் யார் என்று தெரிந்தால் பாப்பாவே மாட்டேன் என்று சொல்லிவிடுவாள். அந்த ஒரு நம்பிக்கையைப் பிடித்துக்கொண்டு படியருகே போனாள்.

“பாப்பா, நான் கேக்கறதுக்கு நிஜத்தைச் சொல்லு. அண்ணனைப் பிடிச்ச அன்னைக்குச் சாயங்காலம் நீ யாருக்குடி போன் பண்ணின?”

பாப்பா அக்காவைப் பார்க்கவில்லை. அக்காவைத் தாண்டி, வாத்தியாரைப் பார்த்தாள். முகம் வெளிறிப்போயிருந்தது.

“சொல்லிட்டீங்களா?” என்றாள். “சொல்ல மாட்டேன்னு நீங்க சத்தியம் பண்ணினதாலதானே நான் இந்தக் கல்யாணத்துக்கே ஒத்துக்கிட்டேன்?”

அப்பா ஒன்றும் புரியாமல் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அக்கா படியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

வாத்தியார் மட்டும் எதுவுமே காதில் விழாதவர் போல பாப்பாவின் பெட்டியைக் கையில் எடுத்துக்கொண்டார்.

“நாலு மணிக்குள்ள போகணும்” என்றார், சிரித்த முகமாக. “கிளம்பலாமா?”